நாலாமிடம்

மூன்று நாளாய் வெயில் இல்லை.
திருக்கடலூரில் இருபத்திரண்டு பாகை.
ரொறன்ரோவிலிருந்து மச்சாள் சிரிக்கிறாள்:
"அது எங்களுக்குக் கோடையடி."
சிரிக்கட்டும்.
எங்கள் யன்னல்கள் காற்றுக்கென்று கட்டியவை,
மூடினாலும் மூடாதவை.
வாடை சமையலறையால் நுழைந்து
தேங்காயெண்ணெயைப் போத்தலில் கட்டியாக்குகிறது.

பூனைக்குக் கிளாக்கர் என்று பெயர்.
வைத்தது சுதேசன்,
கச்சேரியில் வேலை செய்யும் என்னைக் கிண்டல் பண்ண.
வந்த நாளே மேசையில் ஏறி
தண்ணீர் பில்லின் மேல் குந்தி
இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்பதுபோல்
அது எங்களைப் பார்த்தது.

சித்திரையில் இதற்கு என்னைத் தெரியாது.
சீமெந்துத் தரையில் நாலு காலும் நாலு திசை,
கை வைத்தால்
ஒரு முழம் தள்ளிப் படுக்கும்.

கூதல் தொடங்கினால் கணக்கெடுப்புத் தொடங்கும்:
வீட்டில் எது எது சூடு,
எந்த நேரம், எவ்வளவு நேரம்.
முதலாமிடம் ரவுட்டர்.
உள்ளங்கை அகலத்தில்
ஐந்து கிலோவையும் மடித்து வைக்கும்.
திரையில் மச்சாளின் முகம்
வாய் திறந்தபடி உறைந்துவிடும்.
இரண்டாவது பிரிட்ஜின் மேல்தட்டு.
மூன்றாவது, இப்போதுதான் மினுக்கிய என் சேலை.
நாலாவது நான்.

சாப்பாடு இரண்டு மடங்கு.
கடலுக்கு ஒருவரும் இறங்கவில்லை, டின்மீன்தான்,
அதையும் முகர்ந்து முறைத்துவிட்டுத் தின்கிறது.
மண்தட்டு ஈரமாம்,
கால்துடைப்பானில் காரியம் முடிக்கிறது.
விடிய மூன்று மணிக்கு
சுவருக்குச் சுவர் ஆரையோ துரத்துகிறது.
பகலில், பூட்டிய பேக்கரியின் தாழ்வாரத்தில்
ஒதுங்கி நிற்கும் மூன்று புள்ளிமான்களை
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
பல் கிடுகிடுக்க வேட்டையாடுகிறது.

கீழ்வீட்டு றெஜினோல்ட் அண்ணர்
ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுமுன்
பின்மூடியில் மூன்று தட்டுத் தட்டுகிறார்.
இரண்டு தெருக்குட்டிகள் இறங்கி நடக்கும்,
அவசரமே இல்லாமல்.
கிளாக்கர் மேலிருந்து பார்க்கும்.
என்ன நினைக்குமோ.

சுதேசனுக்கு இந்த மாதம் இரவுமுறை,
சீனக்குடா மா ஆலையில்.
நான் காலையில் இறங்க அவன் ஏறுவான்.
புருவத்து மா மழையில் களியாகி இருக்கும்.
"சாப்பாடு மூடி வைச்சிருக்கு."
"அந்தக் குடை ஒழுகுது, மற்றதைக் கொண்டு போ."
பின்னேரம் நான் வர அவனுக்கு பஸ்ஸுக்கு நேரம்.
மார்கழியில் எங்கள் கலியாணம் இவ்வளவுதான்.

நான் எழும்பிய கையோடு
மெத்தையில் நான் விட்ட பள்ளத்தில்
கிளாக்கர் போய்ப் படுக்கும்.
அவன் வந்து அதை நகர்த்தி
அந்த இடத்தில் படுப்பான்.
இரவு எனக்கும் அதேதான்.
எங்களுக்காகக் காக்கிறது என்று சொல்லமாட்டேன்,
தன் வயிற்றைக் காய்ச்சிக்கொள்கிறது, வேறொன்றுமில்லை.
ஆனாலும் இந்த மாரி முழுக்க
அந்தப் பள்ளம் ஒரு நாளும் ஆறியதில்லை.

நேற்றிரவு லைனில் வேப்பமரம் விழுந்து
கரண்ட் போனது.
ரவுட்டரின் பச்சைக் கண் அணைந்தது.
பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி நின்றது.
இருட்டில் அது ஒவ்வொன்றாய்ப் போய்ப் பார்ப்பது கேட்டது:
நகம், தாவல், கொஞ்சம் காத்திருத்தல், இறக்கம்.
பிறகு கட்டில் அமர்ந்தது.
என் முழங்கால் மடிப்பில் மூன்று சுற்று,
வாலுக்குள் மூக்கு,
மோட்டர் ஓடத் தொடங்கியது.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே சூடு.
முப்பத்தேழு பாகை, நான்.
மூத்திரம் முட்டியது. அசையவில்லை.
போனை எட்டி எடுத்து சுதேசனுக்கு எழுதினேன்:
"முதலாமிடம்."
"ஆர்?" என்று கேட்டான்.
பதில் எழுதுமுன் பற்றரி செத்தது.

விடிய கரண்ட் வந்தது.
ரவுட்டர் சூடேற
எப்படியும் பத்து நிமிடம் எடுக்கும்.
அது ஒன்பதாவது நிமிடம் எழும்பிவிட்டது.